பேஸ்மேக்கரில் ஒயர் செருகும் இடம்: சுங்கை சிப்புட்டில் என்னிடம் கேட்ட கேள்விகள்

எங்கள் ஊர் மலேசியாவில் இருக்கும் சுங்கை சிப்புட். செம்பனை எண்ணெய் மில்லில் 27 வருடம் வயர்மேனாக இருந்தேன். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அவருக்கு 2008இல் பேஸ்மேக்கர் வைத்தார்கள். 2018இல் பேட்டரி இருக்கும் பெட்டியை மாற்றினார்கள். மாற்றிய மூன்றாம் வாரம், பெட்டியும் ஒயரும் சேரும் இடத்தில் கோளாறு வந்து மறுபடியும் நெஞ்சுத் தோலைத் திறக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அந்த ஒரு இடத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், பார்த்த டெக்னீஷியன்களிடமெல்லாம் கேட்டேன்.

இப்போது கோயில் மண்டபத்திலும் கல்யாண வீட்டிலும் சட்டைப் பையிலிருந்து, பேஸ்மேக்கர் வைத்தபோது கொடுத்த அட்டையை எடுத்து நீட்டி, "இதில் என்ன எழுதியிருக்கு, பாருங்கண்ணே" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எழுதி வைத்தால் பிள்ளைகள் கைப்பேசியில் வாசித்துக் காட்டுவார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் உடம்புக்கான முடிவை உங்களைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

பெட்டிக்குள் ஒயரை எப்படிச் செருகுகிறார்கள்? சால்டரிங் செய்கிறார்களா?

இல்லை. ஸ்க்ரூதான்.

டெக்னீஷியன் ஒருவர் மாதிரிப் பெட்டி ஒன்றை என் கையில் கொடுத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் அகலம், ஓரமெல்லாம் மழமழவென்று இருந்தது. கீழ்ப்பாதி டைட்டானியம். பேட்டரியும் சர்க்யூட்டும் அதற்குள் காற்றுப் புகாமல் லேசர் வெல்டிங் செய்து மூடியிருக்கும். மேலே கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு பகுதி உட்கார்ந்திருக்கும். அதற்குப் பெயர் ஹெடர். எப்பாக்ஸி அல்லது பாலியூரித்தேனில் வார்த்தது. பக்கவாட்டில் அதற்குள் போகும் துளைகள்தான் ஒயர் செருகும் இடம். ஒரு ஒயர் என்றால் ஒரு துளை, இரண்டு ஒயர் என்றால் இரண்டு.

டாக்டர்கள் லீட் என்று சொல்வதை நம் ஆட்கள் ஒயர் என்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். ஒயரின் நுனியில் ஏறத்தாழ 1.6 மி.மீ. தடிமனில் ஒரு உலோகப் பின் இருக்கும். அதற்குப் பின்னால் சிலிக்கன் வளையங்கள், பிறகு ஒரு உலோக வளையம், மறுபடியும் சிலிக்கன் வளையங்கள். பின்னில் வரும் மின்துடிப்பு இதயத்துக்குள் இருக்கும் நுனிக்குப் போகும். நுனிக்குச் சற்று மேலே ஒயரில் இருக்கும் வளையம் வழியாகக் கரண்டு திரும்பி வரும். நம் வீட்டு சுவிட்சில் லைவ், நியூட்ரல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துளைக்குள் ஒரு சின்ன உலோகக் கட்டை இருக்கிறது. பின் அதற்குள் நுழைந்து மறுபக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். ஹெடர் தெளிவாக இருப்பதற்குக் காரணமே அதுதான்: பின்னின் நுனி கட்டையைத் தாண்டிவிட்டதா என்று டாக்டர் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். தாண்டிய பிறகு, பெட்டியோடு பொட்டலத்தில் வரும் சின்ன ஆலன் கீயால் ஸ்க்ரூவை இறுக்குவார். அந்தக் கீ சாதாரணமானதில்லை. போதுமான இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று தட்டி, அதற்குமேல் திருகாமல் வழுக்கிவிடும். அதிகம் இறுக்கினால் பின் நசுங்கும், குறைந்தால் கழன்றுவரும். இரண்டும் நடக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. நான் திருகிப் பார்த்தேன். காதுக்குக் கேட்பதற்கு முன்னால் விரலுக்குத் தெரிகிறது.

ஸ்க்ரூவின் தலைக்குமேல் சிலிக்கன் மூடி ஒன்று இருக்கும். நடுவில் மெல்லிய கீறல். கீ அதன் வழியாகத்தான் உள்ளே போகும். கீயை வெளியே எடுத்ததும் கீறல் தானாக மூடிக்கொள்ளும். கடைசியாக டாக்டர் ஒயரை மெதுவாக ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். நாங்கள் மில்லில் டெர்மினலை இறுக்கிவிட்டு ஒயரை இழுத்துப் பார்ப்போமே, அதே வேலை.

பேட்டரி தீர்ந்தால் பேட்டரியை மட்டும் மாற்றக்கூடாதா? ஏன் பெட்டியையே எடுக்கிறார்கள்?

பேட்டரி மாற்ற ஒரு கதவு வைத்தால் அந்தக் கதவு வழியாக உடம்பின் ஈரம் உள்ளே போய்விடும். அதனால்தான் மொத்தமாக மூடி வெல்டிங் செய்கிறார்கள். பேட்டரி பலவீனமானதும் பெட்டி முழுவதும் மாறும். எத்தனை வருடம் உழைக்கும் என்பது எவ்வளவு பேஸிங் (பெட்டி அனுப்பும் துடிப்பு) தேவைப்படுகிறது என்பதைப் பொறுத்தது. ஏழிலிருந்து பன்னிரண்டு வருடம் வரை பொதுவாகச் சொல்வார்கள்.

ஆனால் ஒயரை எடுப்பதில்லை. அது இரத்தக் குழாய்க்குள்ளும் இதயச் சுவரிலும் சதையோடு சதையாக ஒட்டிக்கொள்ளும். பத்து வருடம் கழித்து அதைப் பிடுங்குவது பெரிய ஆபரேஷன், ஆபத்தும் உண்டு. அதனால் நல்ல ஒயராக இருந்தால் அப்படியே விட்டுவிட்டுப் புதுப் பெட்டியை அதில் மாட்டுவார்கள்.

உலகிலேயே முதன்முதலில் உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர் சுவீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சன். 1958 அக்டோபர் 8ஆம் தேதி, ரூனே எல்ம்க்விஸ்ட் செய்த கருவியை ஓகே சென்னிங் என்ற சர்ஜன் வைத்தார். முதல் பெட்டி சில மணி நேரம்தான் ஓடியது. அந்த மனிதர் 86 வயதுவரை வாழ்ந்து 2001இல்தான் காலமானார். கருவியைச் செய்தவரும் வைத்தவரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். வாழ்நாளில் அவருக்கு 26 பேஸ்மேக்கர்கள் மாறின. பெட்டி மாறிக்கொண்டே இருக்கும் பொருள் என்பது முதல் ஆளின் கதையிலேயே இருக்கிறது. பழைய ஒயரும் புதுப் பெட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது.

ஒரு கம்பெனி ஒயர் இன்னொரு கம்பெனிப் பெட்டியில் சேருமா?

இன்றைக்குப் பெரும்பாலும் சேரும். ஒரு காலத்தில் சேராது. இந்த மாற்றம் வந்ததற்கு நாம் எல்லோரும் நன்றியோடு இருக்க வேண்டும்.

1980கள் வரை ஒவ்வொரு கம்பெனியும் தனக்குப் பிடித்த அளவில் ஒயர் நுனியைச் செய்தது. சிலது 6 மி.மீ., சிலது 5 மி.மீ., சிலது 3.2 மி.மீ. நீர் புகாமல் தடுக்கும் வளையம் ஒன்றில் ஒயரின்மேல் இருக்கும், இன்னொன்றில் துளைக்குள் இருக்கும். பெட்டி மாற்றும் நாளில் டாக்டர் நெஞ்சுத் தோலைத் திறந்து பார்த்து, உள்ளே இருக்கும் நுனி கையில் இருக்கும் பெட்டிக்குப் பொருந்தவில்லை என்றால் அடாப்டர் தேட வேண்டும். அடாப்டர் என்றால் கூடுதலாக இன்னொரு இணைப்பு, தோலுக்கடியில் இன்னொரு புடைப்பு, கோளாறு வர இன்னொரு இடம்.

இதற்குத் தீர்வாகக் கம்பெனிகளும் டாக்டர்களும் கூடிப் பேசி ஒரே அளவுக்கு வந்தார்கள். அனைத்துலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓ 1992இல் அதை ஐஎஸ்ஓ 5841-3 என்ற தரமாக வெளியிட்டது. அட்டையில் ஐஎஸ்-1 என்று பார்ப்பீர்களே, அதுதான். தடிமன் 3.2 மி.மீ. பின் எவ்வளவு நீளம், வளையம் எங்கே, சிலிக்கன் தடுப்பு எங்கே என்று எல்லாம் அதில் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. யார் செய்த ஒயரும் யார் செய்த பெட்டியிலும் நுழையும்.

அம்மாவுக்கு 2008இல் வைத்த ஒயர் ஐஎஸ்-1. 2018இல் வந்தது வேறு கம்பெனிப் பெட்டி. பத்து வருடம் இடைவெளி, வேறு நாட்டில் வேறு ஆட்கள் செய்தது, ஆனாலும் நேராக உள்ளே போனது. எங்கள் மில்லில் ஐரோப்பாவிலிருந்து வந்த பாய்லர் பேனலுக்கு ஜப்பான் கான்டாக்டர் பொருந்தாமல் தகடு வெட்டித் துளை போட்டு மாட்டிய நாட்களை நினைத்தால், இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று எனக்குப் புரிகிறது.

அப்படியானால் உங்கள் அம்மாவுக்கு ஏன் பிரச்சினை வந்தது?

அளவு பொருந்தியது. செருகியதும் இறுக்கியதும்தான் சரியாக அமையவில்லை.

பெட்டி மாற்றி மூன்றாவது வாரம். அம்மா பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். இடது கையைத் தூக்கும்போதெல்லாம் கண் இருட்டுகிறது என்றார். வயது, வெயில் என்று நாங்களும் இரண்டு நாள் விட்டுவிட்டோம். அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. மூன்றாம் நாள் கொடிக்கம்பியைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். தங்கைதான் ஓடிப்போய்ப் பிடித்தாள்.

எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. அங்கே டெக்னீஷியன் கருவியைப் பெட்டிக்கு மேலே வைத்துக்கொண்டு, "அம்மா, கையை மெதுவாகத் தூக்குங்க" என்றார். திரையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கோடு கலைந்தது. துடிப்பை அனுப்பியதற்கு அடையாளமான கோடு இருக்கிறது, அதற்குப் பின்னால் வர வேண்டிய இதயத் துடிப்பு இல்லை. ஒயரின் மின்தடை வழக்கமாக 520 ஓம் இருந்தது, 3000க்கு மேல் எகிறி, கையை இறக்கியதும் பழைய இடத்துக்கு வந்தது. எனக்கு யாரும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. லூஸ் கனெக்‌ஷன். ஒயர் அறுந்திருந்தாலும் இப்படிக் காட்டலாம் என்பதால் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் பின்னின் நுனி அந்த உலோகக் கட்டையைத் தாண்டவில்லை. பாதி வழியில் நின்றிருந்தது.

மறுநாள் திறந்தார்கள். ஒயர் தானாகவே கழன்று வந்ததாம். பின்னைச் சுத்தமாகத் துடைத்து, முழுக்க உள்ளே தள்ளி, டிக் கேட்கும்வரை இறுக்கி, இழுத்துப் பார்த்து மூடினார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் வெளியே வந்து நடந்ததை மறைக்காமல் சொன்னார். முதலில் செருகும்போது துளைக்குள் காற்று மாட்டிக்கொண்டு பின்னை வெளியே தள்ளியிருக்கலாம் என்றார். அதற்காகத்தான் செருகும்போதே கீயைச் சிலிக்கன் மூடிக்குள் லேசாக நுழைத்து வைத்திருப்பார்களாம், உள்ளே இருக்கும் காற்று அந்தக் கீறல் வழியாக வெளியேற. இறுக்கும் வேலை இரண்டு நிமிடம்தான். அந்த இரண்டு நிமிடத்தை அவசரமில்லாமல் செய்ய வேண்டும்.

பெட்டி மாற்றிய சில நாளிலோ சில வாரத்திலோ தலைசுற்றல், மயக்கம், கை அசைத்தால் வித்தியாசம் என்று எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். ஒரு நாள்கூட.

உடம்புக்குள் எல்லாம் ஈரம்தானே. ஷார்ட் ஆகாதா?

நல்ல கேள்வி. இதைக் கேட்டவர் என்னோடு மில்லில் ஸ்டீம் பக்கம் வேலை பார்த்தவர். டெர்மினல் பெட்டிக்குள் ஆவி புகுந்து பச்சை பூத்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தப் பயம் வரும்.

உடம்பின் நீர் உப்புநீர், கரண்டை நன்றாகக் கடத்தும். பின்னுக்கும் வளையத்துக்கும் நடுவில் அது வழிந்து பாதை போட்டுவிட்டால் இதயத்துக்குப் போக வேண்டிய துடிப்பு பாதியிலேயே கசிந்துவிடும். அதனால்தான் ஒயரின்மேல் அந்தச் சிலிக்கன் வளையங்கள். துளையின் சுவரோடு அழுந்தி உட்கார்ந்து நீரைத் தடுக்கின்றன. செருகும்போது அவற்றில் ஒரு கீறல் விழுந்தாலும், ஸ்க்ரூவுக்கு மேலுள்ள மூடி கிழிந்தாலும் கசிவுக்கு வழியாகும். பத்து வருடம் உள்ளே இருந்த பழைய ஒயரை மறுபடி மாட்டும்போது டாக்டர்கள் இந்த வளையங்களைக் கூர்ந்து பார்ப்பது அதனால்தான்.

உலோகமும் உப்பில் அரிக்காததாக இருக்க வேண்டும். ஒயர் நுனியில் எம்பி35என் என்ற கலவை அதிகம் பயன்படுகிறது. நிக்கல், கோபால்ட், குரோமியம், மாலிப்டினம் சேர்ந்தது. ஹெடரிலிருந்து டைட்டானியப் பெட்டிக்குள் போகும் கம்பிகள் பீங்கான் வழியாக நுழைகின்றன. பீங்கானையும் உலோகத்தையும் தங்கத்தை உருக்கி ஒட்டுகிறார்கள். ஹீலியம் வாயுகூடக் கசியாத அளவுக்கு மூடியிருக்கிறதா என்று சோதிப்பார்கள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு கவனமாகச் செய்கிறார்கள் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. வருடத்துக்கு 3 கோடியே 65 லட்சம். முழுக்க பேஸ்மேக்கரையே நம்பியிருக்கும் ஒருவருக்கு அத்தனை துடிப்பும் அந்த ஒரு ஸ்க்ரூவின் கீழே கடந்து போகிறது. ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று வோல்ட்தான், ஒரு மில்லிசெகண்டில் பாதிகூட நீடிக்காது. அவ்வளவு சின்ன சிக்னலுக்குக் கொஞ்சம் ஈரம் போதும் வழி தவற.

என் கணவர் அட்டையில் டிஎஃப்-1 என்று இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமாவுக்கு டிஎஃப்4. என்ன வித்தியாசம், அண்ணே?

இரண்டுமே ஐசிடி என்ற கருவிக்கு உரியவை, அக்கா. பேஸ்மேக்கர் இதயம் மெதுவானால் தட்டி எழுப்பும். ஐசிடி அதோடு, இதயம் ஆபத்தான வேகத்தில் துடித்தால் ஷாக் கொடுத்து நிறுத்தும். அந்த ஷாக் 700, 800 வோல்ட் வரை போகும். இரண்டு வோல்ட் போகும் இணைப்பும் எண்ணூறு வோல்ட் போகும் இணைப்பும் ஒன்றாக இருக்க முடியாது. அதனால் 1993இல் ஷாக்குக்கென்று தனித் தரம் வந்தது. அதுதான் டிஎஃப்-1.

டிஎஃப்-1 காலத்து ஐசிடி ஒயரைப் பார்த்தால் நுனி மூன்றாகப் பிரிந்திருக்கும். ஒன்று ஐஎஸ்-1, இதயத்தை உணரவும் பேஸிங் செய்யவும். மற்ற இரண்டும் டிஎஃப்-1, ஷாக் கொடுக்கும் கம்பிச் சுருளுக்கு ஒவ்வொன்று. ஒரே சுருள் இருக்கும் ஒயரில் இரண்டு கிளைதான் இருக்கும். மூன்று துளை, மூன்று ஸ்க்ரூ, மூன்றையும் சரியான இடத்தில் செருக வேண்டும். கிளை பிரியும் இடம் தடிமனாக இருப்பதால் மெலிந்த உடம்பில் தோலுக்கடியில் துருத்திக்கொண்டு நிற்கும். நம் தோட்டத்துப் பாட்டிகள் பலர் அப்படித்தானே இருக்கிறார்கள், எலும்பும் தோலுமாக.

2010இல் ஐஎஸ்ஓ 27186 வந்தது. நான்கு தொடர்புகளையும் ஒரே நுனியில் வரிசையாக வைத்துவிட்டார்கள். ஒரு பின், அதற்குப் பின்னால் மூன்று வளையம், தடிமன் அதே 3.2 மி.மீ. ஒரே துளை. சிலிக்கன் தடுப்புகளை ஒயரிலிருந்து எடுத்துத் துளைக்குள் வைத்தார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்: பெட்டி மாறும்போது தடுப்புகளும் புதிதாகவே வரும். வளையங்களுக்கு ஸ்க்ரூ கிடையாது, ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கும்.

ஷாக் போகும் வகைக்கு டிஎஃப்4 என்று பெயர். பேஸிங் மட்டும் செய்யும் நான்கு தொடர்பு ஒயருக்கு ஐஎஸ்4. இந்த இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் அளவில் வித்தியாசம் வைத்திருக்கிறார்கள், ஒன்றின் துளையில் மற்றது சரியாக உட்காராது. எண்ணூறு வோல்ட் தவறான இடத்துக்குப் போகவே கூடாது என்பதற்காக. டிஎஃப்4 பெயருக்குப் பக்கத்தில் எல்எல்எச்எச் என்று இருந்தால் இரண்டு குறைந்த வோல்ட், இரண்டு அதிக வோல்ட் தொடர்பு. எல்எல்எச்ஓ என்றால் கடைசி இடம் காலி, ஒரே ஷாக் சுருள்.

எது நல்லது? பழையதை மாற்றிக்கொள்ளலாமா?

நன்றாக வேலை செய்யும் ஒயரை இணைப்பு வகைக்காக மாற்றச் சொல்லி யாரும் கேட்காதீர்கள். பழைய இணைப்புக்கும் பெட்டிகள் வருகின்றன.

புதிதாக வைப்பவர்களுக்கு டிஎஃப்4 தான் வசதி என்பது என் எண்ணம். ஸ்க்ரூ குறைவு, புடைப்பு குறைவு, மாற்றிச் செருகும் வாய்ப்பு இல்லை. ஆனால் ஒரு குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பின்னாளில் ஷாக் போதாமல் கூடுதல் சுருள் வைக்க வேண்டி வந்தால், அல்லது உணரும் பகுதி மட்டும் பழுதாகித் தனியாக ஒரு ஒயர் சேர்க்க வேண்டி வந்தால், டிஎஃப்-1இல் ஒரு கிளையைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். டிஎஃப்4இல் நான்கும் ஒரே நுனியில் இருப்பதால் அது சுலபமில்லை. எந்த நோயாளிக்கு அந்தத் தேவை வரலாம் என்பது டாக்டருக்குத்தான் தெரியும். கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

செக்கப்பில் ஏதோ ஓம், ஓம் என்கிறார்களே?

அது மின்தடை. பேஸிங் ஒயருக்குப் பொதுவாக 300லிருந்து 1500 ஓம் வரைக்கும் இருக்கலாம். உங்கள் எண் என்ன என்பதைவிட அது மாறாமல் இருக்கிறதா என்பது முக்கியம். திடீரென்று பல மடங்கு ஏறினால் ஒயர் முறிவு அல்லது ஹெடரில் லூஸ். திடீரென்று மிகவும் இறங்கினால் உறை கிழிந்து கசிகிறது என்று சந்தேகப்படுவார்கள். அம்மாவின் எண்களை ஒவ்வொரு முறையும் நாட்காட்டியின் பின்பக்கம் எழுதி வைக்கிறேன்.

ஐசிடி இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். லூஸ் ஸ்க்ரூ உண்டாக்கும் இரைச்சலைக் கருவி ஆபத்தான துடிப்பு என்று நினைத்துத் தேவையில்லாமல் ஷாக் கொடுத்துவிடலாம்.

செம்பனைக் குலை வெட்டும் வேலைக்குத் திரும்பலாமா? தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா?

புதிதாக ஒயர் வைத்தவர்கள் நாலு முதல் ஆறு வாரம் அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று சொல்வார்கள். ஒயரின் நுனி இதயச் சுவரில் பிடித்துக்கொள்ள அவ்வளவு நாளாகும். அந்த வாரங்களில் தைப்பூசம் வந்தால் முருகனை வீட்டிலிருந்தே கும்பிடுங்கள். அடுத்த வருடம் ஈப்போ கல்லுமலைக்குப் போகலாம். ஆறிய பிறகு பால்குடம் எடுப்பவர்களை எனக்குத் தெரியும். டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுத்தார்கள்.

குலை வெட்டுவது வேறு கதை. நீளக் கம்பில் அரிவாளை மாட்டி, அண்ணாந்து பார்த்து, நாள் முழுவதும் இரண்டு கையாலும் மேலே இழுக்கும் வேலை. ஒயர் கழுத்தெலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவில் நுழைந்து போகிறது. அந்த இடுக்கில் வருடக்கணக்கில் நசுங்கி நசுங்கி ஒயர் முறிந்துபோவது உண்டு. பால் வெட்டுவதில் கை பெரும்பாலும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே இருக்கும், அவ்வளவு சிரமமில்லை. அம்மா பேஸ்மேக்கர் வைத்த பிறகும் ஒட்டுப்பால் எடுக்கப் போனார், நாங்கள் தடுத்தும் கேட்கவில்லை. குலை வெட்டும் ஆட்கள் மட்டும் பெட்டியை எந்தப் பக்கம் வைப்பது என்று பேசும்போதே தங்கள் வேலை என்ன என்று டாக்டருக்கு நடித்துக் காட்டுங்கள். 'தோட்ட வேலை' என்று சொன்னால் டவுனில் இருப்பவர்கள் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாக நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. தோலுக்கடியில் இருக்கும் பெட்டியை விரலால் நெருடித் திருப்பிக்கொண்டே இருப்பது சிலருக்குப் பழக்கம். பெட்டி சுழன்றால் ஒயர் அதைச் சுற்றிக்கொள்ளும், இதயத்திலிருந்து நுனி இழுபட்டு வந்துவிடும். கையை எடுத்துவிடுங்கள்.

மின்வேலி, புல்வெட்டும் மெஷின், கைப்பேசி?

காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் போட்ட மின்வேலியைத் தொடாதீர்கள், ஓர் அடியாவது தள்ளி நடங்கள். புல்வெட்டும் மெஷின், செயின்சா ஓடும்போது ஸ்பார்க் பிளக் இருக்கும் பக்கம் பெட்டியிலிருந்து ஓர் அடி தள்ளி இருக்கட்டும். கைப்பேசியைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள், பெட்டிக்கும் அதற்கும் 15 செ.மீ. இடைவெளி வேண்டும். வெல்டிங் வேலை என்றால் டாக்டரிடம் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

புதுப் பெட்டி எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு ஏற்றது என்றார்கள். அப்படியானால் எடுக்கலாம்தானே?

பெட்டியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எம்ஆர்ஐக்கு ஏற்றது என்ற அனுமதி பெட்டியும் ஒயரும் சேர்ந்த ஜோடிக்குத்தான். ஐஎஸ்-1 என்பதால் வேறு கம்பெனி ஒயர் அழகாகப் பொருந்தும், வேலையும் செய்யும், ஆனால் அந்த ஜோடியைச் சேர்த்து யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். அம்மாவுக்கு அதே நிலைதான். பயன்படுத்தாமல் உள்ளே விட்ட பழைய ஒயர் இருந்தாலும் அனுமதி பொருந்தாது. அப்படிப்பட்டவர்களுக்கும் அவசியம் என்றால் தகுந்த ஏற்பாட்டோடு எடுக்கும் மையங்கள் உண்டு. எம்ஆர்ஐ எழுதிக் கொடுக்கும் டாக்டரிடம் முதலிலேயே அட்டையைக் காட்டுங்கள்.

ஒயரே இல்லாத பேஸ்மேக்கர் வந்துவிட்டதாமே?

வந்துவிட்டது. மைக்ரா என்ற கருவிக்கு அமெரிக்காவில் 2016இல் அனுமதி கிடைத்தது. பெரிய மருந்து கேப்ஸ்யூல் அளவு, எடை இரண்டு கிராம்தான். தொடையிலுள்ள குழாய் வழியாகக் கொண்டுபோய் நேரே இதயத்துக்குள் வைத்துவிடுவார்கள். ஒயரும் ஹெடரும் ஸ்க்ரூவும் இல்லை, இந்தப் பக்கத்தில் நான் எழுதிய கோளாறில் பாதி அதில் வரவே வராது. ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது, விலையும் அதிகம்.

அட்டை தொலைந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் வைத்த மருத்துவமனையில் கேளுங்கள், பதிவேடு இருக்கும். அதுவும் முடியாவிட்டால் நெஞ்சு எக்ஸ்ரே உதவும். பெட்டிக்குள் கம்பெனியின் அடையாளம் எக்ஸ்ரேயில் தெரியும்படி பொறித்திருப்பார்கள், எத்தனை ஒயர், எந்த வகை நுனி என்பதும் படத்தில் தெரியும்.

அட்டை இருப்பவர்கள் அதன் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துப் பிள்ளைகளின் கைப்பேசியில் போட்டு வையுங்கள். பெட்டியின் மாடல் எண்ணை எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், ஒயரின் மாடல் எண்ணையும் இணைப்பு வகையையும் யாரும் கவனிப்பதில்லை. பத்து வருடம் கழித்து கோலாலம்பூரில் தேசிய இருதயக் கழகத்திலோ வேறெங்கோ பெட்டி மாற்றும்போது, டாக்டர் முதலில் கேட்பது அந்த ஒயரைத்தான். சரியான துளையுள்ள பெட்டியை முன்கூட்டியே வரவழைக்க அவருக்கு அது வேண்டும். உங்கள் அட்டையில் ஒயர் விவரம் எழுதாமல் விட்டிருந்தால் அடுத்த செக்கப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்கத் தயக்கமாக இருக்கிறது. காலமான பிறகு அதை என்ன செய்வது?

தயங்க வேண்டாம், நம் வீடுகளில் தகனம்தானே அதிகம். பெட்டியைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். சூட்டில் பேட்டரி வெடிக்கும், தகன மேடைக்கும் அங்கே நிற்கும் ஆட்களுக்கும் ஆபத்து. உடலை வாங்கும்போதே மருத்துவமனையிலும், வீட்டில் இறந்திருந்தால் இறுதிச் சடங்குக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். ஐசிடி என்றால் முதலில் ஷாக்கை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஒயரைத் துண்டிக்கும்போது எடுப்பவருக்கே ஷாக் அடிக்கலாம். அதை நிறுத்தும் மெஷின் மருத்துவமனையில்தான் இருக்கும். ஒயர் உள்ளேயே இருக்கலாம், அதை எடுக்க வேண்டியதில்லை.